உள்ளே இருக்கிறவன் மறுபடி கதவைத் தட்டினால்

பதினெட்டாயிரம் ரூபா. ரத்தோட்டைக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்தின் மரணாதாரச் சங்கக் கூட்டத்தில் இந்தத் தொகையை வாசித்ததும் மண்டபம் அடங்கிப் போனது. வாசித்தவர் கையில் இருந்தது நாங்கள் எழுதிக் கொடுத்த செய்நிரல் அச்சடித்த தாள். அதில் 'பற்றாக்குறை 18,000' என்று ஒரு வரி. பணப்பெட்டி பொருளாளர் அக்காவின் பொறுப்பில் இருந்தது. எல்லாருடைய பார்வையும் அவர் பக்கம் திரும்பியது. அவர் வாதாடவில்லை. "எண்ணிப் பாருங்கப்பா" என்று பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தார். மூன்று தடவை எண்ணினார்கள். அக்காவின் கொப்பிக் கணக்கோடு காசு அப்படியே ஒத்துப்போனது. ஆனால் தாளோ, பெட்டியில் இன்னும் 18,000 இருக்க வேண்டும் என்றது. "கொப்பில என்ன வேணும்னாலும் எழுதலாம். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

பொய் சொன்னது கம்ப்யூட்டர்தான். சரியாகச் சொன்னால், நாங்கள்தான். பிழையைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் அக்கா கொழுந்து நிறுக்கப் போன இடத்திலும் பீலிக்கரையிலும் என்னென்ன கேட்டிருப்பார் என்பது எங்களுக்கு முழுதாகத் தெரியாது. அவரிடமும் சங்கத்திடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். அதை இங்கே திரும்பச் சொல்ல வரவில்லை. அந்தப் பிழை ஒளிந்திருந்த இடத்தைப் பற்றியே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் ரிகர்சிவ் லொக் என்றும் ரீ-என்ட்ரன்ட் லொக் என்றும் சொல்கிறார்கள். நாங்கள் மீள்நுழைவுப் பூட்டு என்கிறோம். செய்நிரல் எழுதுகிற நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிற விதம் தவறு என்பது எங்கள் கருத்து.

செய்நிரல் எழுதாதவர்களும் இதை வாசிப்பார்கள், கொஞ்சம் அடியிலிருந்து வருவோம். சங்கத்தில் 120 குடும்பங்கள். லயம் லயமாகப் போய்ச் சந்தா சேர்க்க ஐந்து பேர். ஐவரும் தங்கள் போனில் தொகையைத் தட்டினால், மண்டபத்தில் உள்ள ஒரு பழைய லெப்டொப்பில் அது பதிவாகும். லெப்டொப்பில் ஓடுவது ஒரே செய்நிரல்தான், ஆனாலும் ஒவ்வொரு போனுக்கும் அதற்குள் ஒரு தனி வேலையாள் இருக்கிறார். அவரைத்தான் த்ரெட் என்கிறோம், தமிழில் இழை. இரண்டு இழைகள் ஒரே நொடியில் மொத்தத்தைத் தொட்டால் என்ன ஆகும்? மொத்தம் 10,000 என்று இருவரும் வாசிக்கிறார்கள். இருவரும் 250 கூட்டுகிறார்கள். இருவரும் 10,250 என்று எழுதுகிறார்கள். ஒரு வீட்டுச் சந்தா காணாமல் போய்விட்டது. இதைத் தடுக்கத்தான் பூட்டு. கணக்கேட்டைத் தொடுகிறவர் முதலில் ஆணியில் தொங்கும் சாவியை எடுக்க வேண்டும். (யாழ்ப்பாண நண்பர்கள் திறப்பு என்பார்கள். நமக்கு அது சாவிதான்.) வேலை முடிந்ததும் மறுபடி ஆணியில் மாட்ட வேண்டும். சாவி இல்லாவிட்டால் வெளியே நின்று காத்திருக்க வேண்டும். எளிமையான ஏற்பாடு.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். உள்ளே ஒரு வேலை பாதியில் நிற்கிறது, அதை முடிக்க இன்னொரு வேலை செய்ய வேண்டும். அந்த வேலையின் விதியும் 'முதலில் ஆணியிலிருந்து சாவியை எடு' என்பதுதான். ஆணியைப் பார்க்கிறார். சாவி இல்லை. யாரோ உள்ளே இருக்கிறார்கள் போல என்று காத்திருக்கிறார். சாவியோ அவர் இடுப்பிலேயே இருக்கிறது. விடியும் வரை நிற்பார். டெட்லொக் என்றால் பொதுவாக இரண்டு பேர் ஒருவரையொருவர் மறித்து நிற்பதைச் சொல்வோம். இது ஒரே ஆள் தன்னைத் தானே மறித்துக்கொள்வது.

எங்கள் செய்நிரலிலும் முதல் நாளே இது நடந்தது. பொருள்நோக்கு முறையில்தான் எழுதியிருந்தோம். 'கணக்கேடு' என்று ஒரு வகுப்பு, அதற்குள் ஒரு பூட்டு. இறப்பு நடந்தால் 'வழங்கு' என்ற முறை ஓடும். அது பூட்டைப் போட்டுக்கொண்டு மொத்தத்திலிருந்து 30,000 ரூபாவைக் குறைக்கும். பிறகு 120 பேரின் பெயரிலும் தலைக்கு 250 கழிக்க, 'கழி' என்ற முறையை ஒவ்வொருவராகக் கூப்பிடும். 'கழி'யும் பூட்டைக் கேட்கும். செய்நிரல் அப்படியே உறைந்து நின்றது. கூகுளில் தேடினோம். பத்தில் ஒன்பது பேர் சொன்ன பதில் ஒன்றே: பைதனில் லொக் என்று எழுதிய இடத்தில் ஆர்-லொக் என்று மாற்று. ஓர் எழுத்து. மாற்றினோம். ஓடியது. ஆளுக்கொரு பிளேன்டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

ஆர்-லொக் செய்வது இதுதான். அந்தப் பூட்டு இரண்டு விடயங்களை நினைவில் வைத்திருக்கும்: இப்போது உள்ளே இருப்பது யார், அவர் எத்தனை தடவை நுழைந்திருக்கிறார். வேறொருவர் வந்தால் நிறுத்தும். உள்ளே இருப்பவரே மறுபடி கேட்டால், "நீதானே, வா" என்று விட்டுவிட்டு எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். வெளியேறும்போது ஒவ்வொன்றாகக் குறைக்கும். பூச்சியத்துக்கு வந்தால்தான் சாவி ஆணிக்குத் திரும்பும். மூன்று தடவை நுழைந்தால் மூன்று தடவை வெளியேற வேண்டும்.

சில மாதம் எல்லாம் சரியாகப் போனது. பிறகு சங்கத்தார் கேட்டார்கள்: சந்தா பாக்கி வைத்தவருக்கு ஒரு துண்டு அச்சாகி வந்தால் நல்லது. உக்குவளையில் இருக்கும் எங்கள் தோழர் அதை எழுதினார். 'கணக்கேடு' வகுப்பைத் தொடாமல், அதிலிருந்து ஒரு துணை வகுப்பைப் பிறப்பித்தார். வகுப்பில் அப்படித்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள், அது சரியும்கூட. அவருடைய 'கழி', தாய் வகுப்பின் 'கழி'யைக் கூப்பிட்டுக் கழித்த பிறகு மீதியைப் பார்க்கும். பூச்சியத்துக்குக் கீழே போயிருந்தால் துண்டை அச்சிடும். துண்டின் அடியில் சங்கத்தின் கையிருப்பையும் காட்டலாமே என்று, ஏற்கெனவே இருந்த 'அறிக்கை' முறையையும் கூப்பிட்டார். 'அறிக்கை'யை எழுதியவர் மாத்தளை ரவுனில் இருக்கும் இன்னொருவர். அது மொத்தத்தையும் எல்லார் பெயரிலும் உள்ள தொகைகளின் கூட்டலையும் ஒப்பிடும். இரண்டும் பொருந்தாவிட்டால் அன்றைய தாளில் 'பற்றாக்குறை' என்று எழுதிவிடும்.

அன்று ஒரு மரணம். 'வழங்கு' ஓடியது. மொத்தத்தில் 30,000 குறைந்தது. பெயர்ப்பட்டியலில் ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வந்து 48ஆவது பெயரில் ஒரு பாக்கிக்காரர். துண்டு அச்சாகத் தொடங்கியது. துண்டு 'அறிக்கை'யைக் கூப்பிட்டது. 'அறிக்கை' பூட்டைக் கேட்டது. ஆர்-லொக், "நீதானே, வா" என்றது. அந்த நேரம் மொத்தத்தில் முழு 30,000 குறைந்திருக்கிறது. ஆட்களின் பெயரிலோ 48 பேரிடம் மட்டும், அதாவது 12,000 தான் குறைந்திருக்கிறது. வித்தியாசம் 18,000. 'அறிக்கை' தன் கடமையைச் செய்தது: பற்றாக்குறை என்று எழுதிவிட்டுத் திரும்பியது. பிறகு மீதி 72 பேரிடமும் கழிந்து கணக்கு கச்சிதமாகச் சமனானது. அந்த ஒரு வரி மட்டும் தாளில் நின்றுவிட்டது. நாங்கள் சோதித்துப் பார்த்தபோது ஏன் சிக்கவில்லை? எங்கள் சோதனைப் பட்டியலில் யாருமே பாக்கி வைத்திருக்கவில்லை. தோட்டத்துக் கணக்கில் பாக்கியே இல்லாத பட்டியல் ஒன்றை எழுதியதுதான் எங்கள் முதல் அறியாமை.

இப்போது எதிர்வாதம். "உங்கள் வடிவமைப்பு மோசம், பூட்டைக் குறை சொல்லாதீர்கள்" என்று கம்பஸில் படிக்கும் ஒரு தோழி எங்களிடம் நேராகவே சொன்னார். பாதி ஒத்துக்கொள்கிறோம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். சாதாரண பூட்டாக இருந்திருந்தால் 'வழங்கு' முதல் நாளே உறைந்த இடத்தில் நாங்கள் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்: ஒரு முறைக்குள்ளிருந்து இன்னொன்றைக் கூப்பிடும்போது சாவி யார் பொறுப்பு? அந்தக் கேள்வியை ஆர்-லொக் எங்களிடமிருந்து எடுத்துவிட்டது. பிறகு உக்குவளைத் தோழர் 'அறிக்கை'யைக் கூப்பிட்டபோதும் செய்நிரல் உறைந்திருக்கும். மண்டபத்தில் இருந்த தம்பி எங்களுக்குப் போன் போட்டு, "அண்ணே, மெஷின் நின்னு போச்சு" என்றிருப்பான். யாரையும் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பூட்டு என்பது ஆட்களை வெளியே நிறுத்தும் கதவு மட்டுமில்லை. அதில் ஒரு வாக்குறுதியும் இருக்கிறது. நான் பூட்டைப் பெற்றுக்கொண்டு உள்ளே வந்தால், உள்ளே உள்ள கணக்கு சமனாக இருக்கும் என்று நம்பி வேலையைத் தொடங்கலாம். நடுவில் நான் அதைக் கலைக்கலாம், ஆனால் சாவியைத் திரும்ப மாட்டுவதற்குள் மறுபடி சமனாக்கிவிட வேண்டும். 'மொத்தம் = எல்லார் தொகையின் கூட்டல்' என்பது எங்கள் கணக்கேட்டின் மாறா விதி. மீள்நுழைவுப் பூட்டு இந்த வாக்குறுதியைக் கொடுக்க முடியாது. 'அறிக்கை' பூட்டைப் பெற்றது, ஆனால் கணக்கு கலைந்த நிலையில் பெற்றது. பூட்டு கிடைத்தது என்பதால் கணக்கு சமன் என்று அது நம்பியது. கோ மொழியின் ஆரம்பகாலக் குழுவில் இருந்த ரஸ் கொக்ஸ், 2010இல் அந்த மொழிக்கு மீள்நுழைவுப் பூட்டு கேட்டவர்களுக்கு மறுத்துச் சொன்ன காரணமும் சாரத்தில் இதுவே. கோவில் இன்றுவரை அது இல்லை. ரஸ்ட் மொழியின் வழமையான பூட்டும் மீள்நுழைவை அனுமதிப்பதில்லை.

ஜாவா வேறு பாதையில் போனது. 1996இல் வெளிவந்த முதல் பதிப்பிலிருந்தே அதில் ஒவ்வொரு பொருளுக்குள்ளும் ஒரு பூட்டு இருக்கிறது. ஒரு முறைக்கு முன்னால் சின்க்ரனைஸ்ட் என்று எழுதினால் போதும், அந்தப் பூட்டு தானாக விழும். அது மீள்நுழைவுப் பூட்டு. ஜாவாவை வடிவமைத்தவர்களை இதற்காகத் திட்ட எங்களுக்கு மனமில்லை, ஏனென்றால் அவர்களுக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. பிரையன் கோட்ஸும் நண்பர்களும் 2006இல் எழுதிய ஜாவா ஒருங்கியக்கப் புத்தகம் அநேகமாக எல்லா ஜாவாக்காரர்களுக்கும் தெரிந்தது. அதில் ஒரு சின்ன உதாரணம் வரும்: துணை வகுப்பு ஒரு சின்க்ரனைஸ்ட் முறையைத் தானும் எழுதி, உள்ளே ஒரு வரி அச்சிட்டுவிட்டு, தாய் வகுப்பின் அதே முறையைக் கூப்பிடும். இரண்டும் ஒரே பொருள், ஒரே பூட்டு. மீள்நுழைவு இல்லாவிட்டால் ஒவ்வொரு மரபுரிமையும் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு சாகும். பூட்டைப் பொருளோடு ஒட்டி வைத்து, மரபுரிமையையும் வைத்தால், மீள்நுழைவு வந்தே தீரும்.

ஆனால் அந்த உதாரணத்தை இன்னொரு தடவை வாசித்தால் ஒரு வேறுபாடு தெரியும். அங்கே துணை வகுப்பு தாயைக் கூப்பிடுவது வாசல்படியில் நின்றுகொண்டு. இன்னும் எதுவும் கலையவில்லை. எங்களுடையதில் துணை வகுப்பு திரும்பி வந்தது 48ஆவது பெயரில், நடுவேலையில். முதலாவது பாதுகாப்பானது, இரண்டாவது விஷம். பூட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்குத் தெரிந்தது எண்ணிக்கை மட்டும்: ஒன்று, இரண்டு, மூன்று.

பொருள்நோக்கு முறையில்தான் இது இவ்வளவு எளிதில் நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாய் வகுப்பை எழுதியவருக்குத் தன் 'கழி'யை நாளை யார் மேலெழுதுவார்கள் என்று தெரியாது. துணை வகுப்பை எழுதியவருக்குத் தன்னை எந்த நிலையில் கூப்பிடுவார்கள் என்று தெரியாது. எங்கள் கதையில் இருவரும் ஒரே வட்ஸ்அப் குழுவில் இருந்தவர்கள். அவர்களுக்கே தெரியவில்லை.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. லினக்ஸ் கருவகம் 1996இல் ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளில் ஓடத் தொடங்கியபோது, கருவகம் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டைப் போட்டார்கள். பிக் கேர்னல் லொக் என்று பெயர். அது மீள்நுழைவுப் பூட்டு. தற்காலிக ஏற்பாடுதான். அதை முழுதாகக் கழற்றி எறிந்தது 2011இல், 2.6.39 பதிப்பில். பதினைந்து வருடம். அந்தப் பூட்டை யார் வேண்டுமானாலும், ஏற்கெனவே கையில் வைத்திருந்தாலும்கூட, எடுக்கலாம் என்பதால் எந்த வரி எதற்காக அதை நம்பியிருக்கிறது என்று தேடிப் பிரிப்பதே பெரும் வேலையாகிவிட்டது. பொசிக்ஸ் இழைகளைப் பற்றி 1997இல் வந்த புகழ்பெற்ற புத்தகத்தை எழுதிய டேவிட் புட்டன்ஹோஃபும் மீள்நுழைவுப் பூட்டைப் பற்றிக் கடுமையாக எழுதியிருக்கிறார்: எங்கே பூட்டினோம், எங்கே திறந்தோம் என்ற பிடியையே அது நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அனுபவித்தவர்களுக்கு அது மிகை இல்லை.

இன்னொரு குழியையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். பூட்டை வைத்துக்கொண்டு 'ஒரு நிபந்தனை நிறைவேறும் வரை காத்திரு' என்று சொல்வது வழக்கம். காத்திருக்கும் நேரம் பூட்டு தற்காலிகமாகத் திறக்கப்படும். பொசிக்ஸில் மீள்நுழைவுப் பூட்டை இரண்டு தடவை போட்டுவிட்டுக் காத்திருந்தால் ஒரு தடவைதான் திறக்கும். சாவி இடுப்பிலேயே இருக்க, வெளியே யாராவது வேலை செய்வார்கள் என்று காத்துக்கொண்டிருப்போம். ஜாவாவும் பைதனும் எல்லா எண்ணிக்கையையும் சேர்த்தே விடுவிக்கின்றன, அந்தளவுக்கு நல்லது.

எல்லாவற்றையும் கூட்டத்தில் போய் விளக்கினோம். ஆணி, சாவி, இடுப்பு என்று இங்கே எழுதியது போலவே. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், முன்பு கங்காணியாக இருந்தவர், கேட்டார்: "அந்தப் பூட்டுக்கு உள்ள இருக்கிறது யாருன்னு தெரியும்கிறீங்க. தெரிஞ்சிருந்தும் நீ ஏன்டா மறுபடி சாவி கேக்குறன்னு அது ஏன் கேக்கல?"

இந்தக் கட்டுரையின் வாதம் முழுக்க அவர் கேள்விதான். உரிமையாளர் யார் என்பது தெரிந்த பூட்டுக்கு இரண்டு வழி உண்டு. பேசாமல் உள்ளே விடலாம். அல்லது "நீ ஏற்கெனவே உள்ளே இருக்கிறாய், மறுபடி ஏன் கேட்கிறாய்?" என்று சத்தம் போடலாம். இரண்டாவது வகையும் உலகத்தில் இருக்கிறது. பொசிக்ஸில் மூன்று வகைப் பூட்டுகள் உண்டு: சாதாரணம், மீள்நுழைவு, பிழைகாட்டி. மூன்றாவதை உள்ளே இருப்பவரே மறுபடி கேட்டால், உறையாமலும் உள்ளே விடாமலும் 'இது டெட்லொக்' என்று பிழையைத் திருப்பித் தரும். பைதனிலும் கோப்பில் எழுதும் இடையகத்துக்குள் ஒரே இழை நடுவேலையில் மறுபடி நுழைந்தால், மீள்நுழைவு என்று சொல்லிப் பிழையை வீசும். ஜாவாவின் ரீ-என்ட்ரன்ட்-லொக் வகுப்பில் 'இந்த இழை ஏற்கெனவே என்னை வைத்திருக்கிறதா' என்று கேட்கவே ஒரு முறை இருக்கிறது. மறுநுழைவு வரக்கூடாத இடத்தில் அதைச் சோதித்துக்கொள்ளலாம். வசதி இருக்கிறது. சொல்லிக்கொடுப்பார் இல்லை.

உயர்தரத்தில் ஐ.சி.டி. எடுக்கிற நம் பிள்ளைகள் பைதனில் தொடங்குகிறார்கள். பிறகு கண்டியிலோ கொழும்பிலோ ஏதோ ஒரு நிறுவனத்தில் காசு கட்டி டிப்ளோமா படிக்கும்போது ஜாவா வருகிறது. எங்களில் மூன்று பேர் மூன்று வெவ்வேறு இடத்தில் படித்தவர்கள். இழைகள் பற்றிய பாடம் மூன்று இடத்திலும் ஒரே பிற்பகலில் முடிந்தது. சின்க்ரனைஸ்ட் போடு, பைதன் என்றால் ஆர்-லொக் போடு, பாஸாகிவிடுவாய். ஏன் என்று கேட்டவருக்கு "ப்ரொப்ளம் வராது" என்பதுதான் பதில். பிரச்சினை வராமல் இல்லை, அது வருவது நமக்குத் தெரியாமல் போகிறது. லயத்தில் பிறந்து கணினி வேலைக்குப் போகிறவனுக்கு, வேலைத்தலத்தில் பிழை வந்தால் முதல் சந்தேகம் அவன்மேல் விழுவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. தன் செய்நிரல் எங்கே எப்படித் தவறும் என்று தெரிந்திருப்பது அவனுக்கு ஆடம்பரம் இல்லை.

கொழும்பிலேயே பிறந்த ஒரு மொழியையும் இந்த இடத்தில் பார்க்க வேண்டும். 2005இல் சஞ்சீவ வீரவரணவும் போல் ஃப்ரீமன்டிலும் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் உருவாக்கிய பாலெரினா, 2019இல் 1.0 பதிப்பாக வந்தது. அதில் 'லொக்' என்பது மொழியின் ஒரு கூற்று. பூட்டு என்று தனியாக ஒரு பொருளை நாம் உருவாக்குவதில்லை. 'இந்தத் தொகுதி மற்றவர்களோடு குறுக்கிடாமல் ஓடட்டும்' என்று மட்டும் சொல்கிறோம். மொழியின் விவரக்குறிப்பு, மிக எளிய வழியில் இதை நிறைவேற்ற நினைப்பவர் செய்நிரல் முழுவதற்கும் ஒரே மீள்நுழைவுப் பூட்டைப் போட்டாலே போதும் என்கிறது. கெட்டிக்காரத்தனமாகச் செய்ய விரும்பினால், தொகுப்பியே வரிகளை ஆராய்ந்து சிறு சிறு பூட்டுகளாகப் பிரிக்கலாம், விளைவு மட்டும் மாறக்கூடாது. பிறகு வந்த ஸ்வான் லேக் பதிப்பில் தனிமைப்படுத்திய பொருள்கள் இருக்கின்றன. அவற்றின் மாறக்கூடிய உறுப்பைப் பூட்டுக்கு வெளியே தொட்டால் தொகுப்பி ஏற்றுக்கொள்ளாது. பூட்டை மறந்துபோகும் பிழையை இது அடியோடு ஒழிக்கிறது. நம் நாட்டில் உருவான மொழி என்பதற்காகச் சொல்லவில்லை, இதை நல்ல யோசனையாகவே மதிக்கிறோம்.

அது எங்களைக் காப்பாற்றியிருக்குமா? இல்லை. பாலெரினாவில் எழுதியிருந்தாலும், பூட்டுக்குள்ளிருந்து கூப்பிட்ட முறை தானும் ஒரு பூட்டைக் கேட்டால், அதே இழை என்பதால் உள்ளே போகும். பாதி கழிந்த கணக்கைப் பார்க்கும். 18,000 என்று எழுதும். மற்றவர்களிடமிருந்து நம்மைக் காக்க மொழிகள் நிறையக் கற்றுக்கொண்டுவிட்டன. நம்மிடமிருந்து நம்மைக் காப்பது இன்னும் நம் தலையில்தான்.

மீள்நுழைவுப் பூட்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். பைதனின் சொந்தப் பதிவேட்டு நூலகமே ஆர்-லொக்கைத்தான் பயன்படுத்துகிறது. யார் எங்கிருந்து கூப்பிடுவார்கள் என்று அதற்குத் தெரியாது, அதனால் அது நியாயம். ஒற்றை இழைக்கு என்று எழுதிய பழைய செய்நிரலை, வெளி வடிவத்தை மாற்றாமல் பல இழைகளுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தாலும் அது கைகொடுக்கும். தெரிந்து எடுக்கிற முடிவாக இருக்கட்டும். செய்நிரல் உறைந்து நின்ற எரிச்சலில் ஓர் எழுத்தைச் சேர்ப்பது முடிவு இல்லை.

எங்கள் செய்நிரலை இப்படித் திருத்தினோம். வெளியிலிருந்து கூப்பிடும் முறைகள் மட்டும் பூட்டைப் போடும், உள்ளறை முறைகள் போடாது. உள்ளறை முறைகளின் பெயர் எல்லாம் 'உள்ளே' என்று முடியும். 'கழி' பூட்டும், 'கழி_உள்ளே' பூட்டாது. 'வழங்கு' கூப்பிடுவது இரண்டாவதை. துண்டு அச்சிடுவது, குறுஞ்செய்தி அனுப்புவது போல வெளியுலகத்தைத் தொடுகிற எதையும் பூட்டுக்குள் செய்வதில்லை. பாக்கிக்காரர்களின் பெயரை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டு, கணக்கு சமனாகி, பூட்டைத் திறந்த பிறகுதான் அச்சு. ஆர்-லொக்கை எடுத்துவிட்டுப் பெரியவர் சொன்ன பூட்டை நாங்களே எழுதினோம். உள்ளே இருக்கும் இழையின் அடையாளத்தை வைத்துக்கொண்டு, அதே இழை மறுபடி வந்தால் எந்த முறையிலிருந்து வந்தது என்ற பெயரோடு பிழையை வீசும். பன்னிரண்டு வரி. முதல் ஓட்டத்திலேயே மூன்று இடத்தில் கத்தியது. இரண்டு, வாசல்படியில் தட்டிய வகை, ஆபத்தில்லாதவை. மூன்றாவது மாதமுடிவுக் கணக்கில், இன்னொரு பாக்கிக்காரருக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"பிழையை வீசி நின்றால் சந்தா கட்ட வந்தவர்கள் வரிசையில் நிற்பார்களே?" என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். நிற்பார்கள். அரை மணி நேரம் தாளில் எழுதிக்கொள்வார்கள். தாளில் எழுதுவது அங்கே யாருக்கும் புதிது இல்லை.

அக்காதான் இன்னும் பொருளாளர். கொப்பியையும் நிறுத்தவில்லை. மாதத்தின் கடைசி ஞாயிறு அவர் கொப்பியையும் எங்கள் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுகிறோம். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "மெஷின் என்னா எழுதினாலும் மொதல்ல எங்கிட்ட காட்டுங்க. கூட்டத்துல வாசிக்கிறது அப்புறம்." இப்போது 'பற்றாக்குறை' என்ற சொல்லை எங்கள் செய்நிரல் அச்சிடுவதில்லை. 'ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்றுதான் எழுதுகிறது.